வீட்டிலேயே மேசை மெட் தைப்பது: திருமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டு மேசையில் பீங்கானுக்குக் கீழே ஆளுக்கொன்றாக விரிக்கிற துணியைத்தான் இங்கே மேசை மெட் என்று சொல்கிறேன். நாங்கள் திருமலை என்று சொல்கிற திருகோணமலையில் வீட்டில் இருந்தபடி தையல் வேலை செய்கிறேன். பின்னேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பழக வருவார்கள். அவர்களும், தெருவில் கண்டால் நிறுத்திக் கேட்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, இதுவரை ஒன்றுமே தைத்ததில்லை. இதில் தொடங்கலாமா?

தாராளமாக. உடம்பளவு எடுக்க வேண்டியதில்லை, கை வெட்ட வேண்டியதில்லை, கழுத்து வெட்ட வேண்டியதில்லை. நான்கு நேர்ப்பக்கம், நான்கு மூலை, அவ்வளவுதான். சட்டையில் தொடங்கிக் கைவிட்ட பிள்ளைகள் மூன்று பேர் மெட்டில் தொடங்கி இப்போது தலையணை உறை, பை என்று தைக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெட் அழகாக வருவது மெஷினில் இல்லை. துணியை முதலில் கழுவுவதிலும், நேராக வெட்டுவதிலும், ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்குவதிலும் இருக்கிறது. ஒரு மெட்டுக்கு மெஷினில் உட்காருகிற நேரம் மிகக் குறைவு.

என்ன அளவில் வெட்ட வேண்டும்?

பொதுவாக எல்லாரும் தைப்பது 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம். ஏறக்குறைய 45 சென்ரிமீட்டருக்கு 30. சாப்பாட்டுப் பீங்கான் பத்துப் பத்தரை அங்குலம் இருக்கும், அதை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் மூன்றே முக்கால் அங்குலம் அளவில் மிஞ்சும். கரண்டிக்கு அது போதும். தண்ணீர்க் கிளாஸையும் மெட்டிலேயே வைக்கிற வீடு என்றால் 20க்கு 14 தையுங்கள். ஆனால் முதலில் மேசையை அளந்து பாருங்கள். நம் வீடுகளில் நாலு பேர் மேசையில் ஆறு பேர் நெருங்கி உட்காருவோம், பெரிய மெட் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

முடிந்த அளவு 18க்கு 12 வர வேண்டுமென்றால், சுற்றிவர அரை அங்குலம் தையலுக்கு விட்டு 19க்கு 13 வெட்ட வேண்டும்.

எந்தத் துணி நல்லது?

பருத்தி. கொஞ்சம் கனமான, இறுக்கமாக நெய்த பருத்தி. மெல்லிய சீத்தையிலும் தைக்கலாம், உள்ளே ஏதாவது வைத்துத்தான் தைக்க வேண்டும். பொலியெஸ்டர் சேலைத் துணி பளபளப்பாக இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. சிந்திய சொதி அதன் மேலே ஓடி மடியில் விழும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கைத்தறிச் சாரம். மருதமுனையிலும் மட்டக்களப்புப் பக்கத்திலும் நெய்கிற சாரங்களில் இருக்கிற கோடும் கட்டமும் மேசைக்கென்றே நெய்தது போல இருக்கும். அந்தக் கோடு வெட்டும்போது அடிமட்டம் மாதிரியும் உதவும். ஒரு சாரத்தின் தையலைப் பிரித்து விரித்தால் சுமார் 2 மீட்டர் நீளம், 45 அங்குலத்தை ஒட்டிய அகலம் இருக்கும். அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு என்று 19க்கு 13 துண்டுகள் பன்னிரண்டு வெட்டலாம். மேலுக்கு ஆறு, அடிக்கு ஆறு. ஒரே சாரத்தில் ஆறு பேருக்கு மெட்! சாரத்துக்குச் சாரம் அளவு கொஞ்சம் மாறும், கழுவிக் காய்ந்த பிறகு அளந்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள்.

பழைய சாரம் என்றால் இன்னும் நல்லது, அது சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்திருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்துபோன இடத்தை மட்டும் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள். காலமான அப்பாவின் சாரத்தைக் கொண்டுவந்து மெட்டாகத் தைத்துத் தரச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலையை நான் அவசரமாகச் செய்வதே இல்லை.

பழைய டெனிம் காற்சட்டை, திரைச்சீலைத் துணி, கிலோக் கணக்கில் விற்கிற துண்டுத் துணி எல்லாமே பயன்படும். பத்திக் துணி வாங்கினால் தனியாகக் கழுவி, சாயம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்றத் துணியோடு சேருங்கள்.

புடவைக் கடையில் எத்தனை மீட்டர் கேட்பது?

முன்னும் பின்னும் ஒரே துணியில் ஆறு மெட் என்று வைத்துக்கொள்வோம். 45 அங்குல அகலத் துணியில் ஒரு வரிக்கு மூன்று துண்டு, நான்கு வரி. நான்கு பத்தொன்பது 76 அங்குலம். 2 மீட்டர் என்பது 78 அங்குலத்துக்குச் சற்று மேல். கழுவிச் சுருங்கினால் போதாமல் போகும், ஆகவே இரண்டேகால் மீட்டர் வாங்குங்கள். 60 அங்குல அகலம் கிடைத்தால் வரிக்கு நான்கு துண்டு வரும். மூன்று வரி போதும், ஒன்றேமுக்கால் மீட்டர் கேளுங்கள். கட்டங்களோ பூக்களோ எல்லா மெட்டிலும் ஒரே இடத்தில் வர வேண்டுமென்றால் இதற்கு மேல் ஒரு அரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுத் துணியைக் கழுவாமல் தைத்தால் என்ன? கழுவினால் அந்தப் பளபளப்புப் போய்விடுமே?

போகட்டும். அந்தப் பளபளப்புக் கடைப் பசை, எப்படியும் முதல் கழுவலில் போகத்தான் போகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தைக்கப் பழகிய காலத்தில், தைப்பொங்கலுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சிவப்பு மேல்துணியும் வெள்ளை அடித்துணியுமாக ஆறு மெட் தைத்தேன். துணி புதிது, கழுவவில்லை. பொங்கலன்று மேசை கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அடுத்த நாள் கழுவிக் கொடியில் போட்டேன். சிவப்பு வெள்ளையில் இறங்கி ஆறும் ரோஸ் நிறமாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, மேல்துணி சுருங்கி அடித்துணி சுருங்காததால் ஓரம் எல்லாம் அப்பளம் பொரித்தது போல மேலே தூக்கிக்கொண்டது. எவ்வளவு மினுக்கியும் படியவில்லை. இரண்டு கிழமை வேலை வீணாகிப் போனது. அதற்குப் பிறகு கழுவாத துணியில் நான் கத்தரிக்கோல் வைத்ததில்லை.

பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்குவது சாதாரணம். 19 அங்குலத்தில் அது ஓர் அங்குலத்துக்குக் கிட்ட வரும். மேல்துணி, அடித்துணி, உள்ளே வைக்கிற துணி மூன்றையும் பின்னால் எப்படிக் கழுவப்போகிறீர்களோ அப்படியே இப்போது ஒரு முறை கழுவுங்கள்.

சாயம் போகிற துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்குமா?

எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்வார். ஆனால் கடையில் வாங்கிய, ஏற்கெனவே சாயம் ஏற்றிய துணியில் உப்போ வினாகிரியோ சாயத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. ஒட்டாமல் மிஞ்சி நிற்கிற சாயம் வெளியேற வேண்டும், அதற்கு வழி தண்ணீர்தான். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்துத் துணியின் ஓரத்தைக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் முழுத் துணியையும் தனியாக அலசுங்கள், தெளிந்த தண்ணீர் வரும்வரை. ஐந்தாறு முறைக்குப் பிறகும் நிறம் வந்துகொண்டே இருந்தால் அது மேசைக்கான துணி இல்லை. வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கவனமாக வெட்டினாலும் கோணிக்கொண்டு போகிறது. ஏன்?

பெரும்பாலும் கை தவறவில்லை, துணிதான் கோணலாக இருக்கிறது. கடையில் துணியைச் சுருளில் சுற்றும்போதும் கிழிக்கும்போதும் இழை சாய்ந்துவிடும். சாய்ந்த துணியில் அடிமட்டம் வைத்து நேராக வெட்டினாலும், கழுவியதும் இழை தன் இடத்துக்குத் திரும்பும். அப்போது மெட் சாய்சதுரமாகிவிடும்.

கைத்தறி போன்ற துணியில் இழை இழுத்து வெட்டுங்கள். ஓரத்தில் சின்ன வெட்டுப் போட்டு, குறுக்கே ஓடும் ஒரு நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால் துணியின் குறுக்கே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால் அதைவிட நேர் கிடையாது. நூல் இடையில் அறுந்தால் அறுந்த இடம்வரை வெட்டி, அடுத்த நூலைப் பிடியுங்கள். பிறகு துணியின் எதிரெதிர் மூலைகளை இரண்டு பேர் பிடித்துச் சற்றே இழுத்து, ஈரம் தெளித்து மினுக்கினால் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும்.

அப்புறம் அச்சு. பழைய கலண்டர் மட்டையில் 19க்கு 13 ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மட்டை போதாவிட்டால் இரண்டை ஒட்டலாம். அச்சின் மூலைகள் சரியா என்று பார்க்க மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 23 அங்குலம் வர வேண்டும். ஒன்று 23, மற்றது இருபத்திரண்டரை என்றால் அச்சே கோணல், ஆறு மெட்டும் கோணலாகத்தான் வரும். இந்தக் குறுக்களவை என்னிடம் வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன்.

மெல்லிய துணி கையில் நழுவினால் சோற்றுக் கஞ்சியை நன்றாக நீர்க்கக் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து காயவைத்து மினுக்குங்கள். கடதாசி மாதிரி நிற்கும், சோக்குக் கோடும் தெளிவாக விழும். துணியை நிலத்தில் விரித்து வெட்டுவது நல்லது. மேசை விளிம்பில் தொங்குகிற துணி தன் பாரத்தில் இழுபட்டுவிடும்.

உள்ளே என்ன வைப்பது?

விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் கொலருக்கு வைக்கிற ஒட்டும் கன்வஸ். அதைத் தையல் இடத்துக்குள் வராதபடி 18க்கு 12 அளவில் வெட்டி, மேல்துணியின் உட்புறத்தில் பசைப் பக்கம் படும்படி வைத்து, மேலே ஈரத்துணி போட்டு ஸ்திரிக்கைப் பெட்டியை அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது. ஓரிடத்தில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடம். ஆறும்வரை அசைக்காதீர்கள், சூட்டோடு மடித்தால் குமிழி எழும்பும்.

மெத்தென்று வேண்டுமென்றால் பழைய பருத்திப் படுக்கைவிரிப்பு ஒரு மடிப்பு, அல்லது தேய்ந்துபோன துவாய். புதுத் துவாய் மிகத் தடிப்பு, வீட்டு மெஷின் மூலையில் ஏறாது. ஸ்பொஞ்ச் வைக்கவே வைக்காதீர்கள். கழுவினால் நாள் முழுக்கக் காயாது, மழை நாளில் மணக்கத் தொடங்கும்.

சரி, எப்படித் தைப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

உள்துணியைக் கீழே விரியுங்கள். அதன் மேல் அடித்துணி, நல்ல பக்கம் உங்களைப் பார்த்தபடி. அதன் மேல் மேல்துணி, நல்ல பக்கம் கீழே பார்த்தபடி. இரண்டு நல்ல பக்கங்களும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிவர ஊசி குத்திக்கொள்ளுங்கள்.

நீளப் பக்கம் ஒன்றின் நடுவில் தொடங்கி, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தையுங்கள். மூலை வந்ததும் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, காலை இறக்கித் தொடருங்கள். தொடங்கிய இடத்துக்கு ஐந்து அங்குலம் முன்னால் நிறுத்துங்கள். அந்த வாயில் வழியாகத்தான் திருப்பப்போகிறீர்கள், அதனால் இரண்டு முனையிலும் முன்பின்னாக நாலு தையல் போட்டு உறுதியாக்குங்கள்.

இப்போது திருப்ப அவசரப்படாதீர்கள். தைத்த கோட்டின் மேல் ஒரு முறை மினுக்குங்கள். தையலுக்கு வெளியே இருக்கிற உள்துணியை மட்டும் தையலை ஒட்டிக் கத்தரித்து எடுங்கள், ஓரம் தடிக்காது. மூலைகளைக் குறுக்கே வெட்டுங்கள், தையலுக்கு ஒரு நூல் கிட்டவரை. பிறகு வாயில் வழியாகத் திருப்பி, மூலைகளைப் பின்னல் ஊசியின் மழுங்கிய முனையால் மெல்லத் தள்ளி எடுங்கள். கத்தரிக்கோல் நுனியால் குத்தி மூலையைக் கிழித்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

வாயிலின் ஓரங்களை உள்ளே மடித்து மினுக்கி, மெட்டின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே சுற்றிவர மேல்தையல் ஒன்று போடுங்கள். வாயிலும் அதோடு மூடிவிடும். கடைசியாக, உள்துணி கழுவும்போது நகராமல் இருக்க, இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாகக் குறுக்கே தையுங்கள். நடுக்கோட்டில் தொடங்கி வெளியே போங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி சேர்ந்து சுருக்கு விழும்.

உள்துணி இல்லாமல் ஒற்றைத் துணியில் முடியாதா?

கனமான கைத்தறியாக இருந்தால் முடியும். 20க்கு 14 வெட்டி, சுற்றிவர அரை அங்குலம் மடித்து, மறுபடி அரை அங்குலம் மடித்துத் தைத்தால் 18க்கு 12 வரும். மூலையில் மடிப்புகள் கட்டியாகச் சேர்வதுதான் தொல்லை. இரண்டாம் மடிப்புக் கோடுகள் சந்திக்கிற புள்ளிவழியாக மூலையை முதலில் உள்ளே மடித்து, மடிந்த நுனியைக் கால் அங்குலம் விட்டு வெட்டிவிட்டு, பிறகு பக்கங்களை மடியுங்கள். இரண்டு பக்கமும் சாய்கோட்டில் வந்து பொருந்தும்.

வேறு நிறத்தில் கரை வைத்துத் தைக்க ஆசை.

அப்படியென்றால் மேல், உள், அடி மூன்றையும் சரியாக 18க்கு 12 வெட்டுங்கள், தையலுக்கு விட வேண்டாம். கரைக்கு இரண்டரை அங்குல அகலப் பட்டி. நேர்ப்பக்கத்துக்கு நேராக வெட்டிய பட்டியே போதும், இழைக்குச் சாய்வாக வெட்டுகிற சாய்வெட்டு வேண்டியதில்லை. ஒரு மெட்டுக்கு 70 அங்குலப் பட்டி வேண்டும், ஆறுக்கும் சேர்த்து 45 அங்குல அகலத் துணியில் முக்கால் மீட்டர் எடுத்தால் போதும்.

வட்ட மெட் என்றால்தான் கதை வேறு. வளைவுக்குச் சாய்வெட்டுப் பட்டி கட்டாயம். முதல் மெட்டை வட்டமாகத் தைக்காதீர்கள்.

பூவேலை எங்கே போடுவது?

நடுவில் போடாதீர்கள், பீங்கான் மறைத்துவிடும். இடது மேல் மூலை நல்லது. வலது கையால் சாப்பிடுகிறோம், அந்தப் பக்கம்தான் அதிகம் சிந்தும். என்னிடம் பழகிய ஒரு பிள்ளை பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமானைப் பழுப்புத் துணியில் வெட்டி மூலையில் ஒட்டுத்தையல் போட்டாள், புள்ளிகள் வெள்ளை நூல் முடிச்சு. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நாம் தினமும் காண்கிற மான்தான். மேசையில் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது.

ஊசி அடிக்கடி உடைகிறது. தையல் விட்டுவிட்டு விழுகிறது.

முதலில் ஊசியை மாற்றுங்கள். சாதாரண மெட்டுக்கு 14ஆம் நம்பர், டெனிமும் துவாயும் வைத்ததற்கு 16. சட்டை தைத்த 11ஆம் நம்பர் ஊசியோடு துவாயில் ஏறினால் உடையாமல் என்ன செய்யும்? தையல் நீளம் உள்தையலுக்கு 2.5, மேல்தையலுக்கு 3. பழைய மிதி மெஷினில் எண் இல்லாவிட்டால் ஓர் அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் என்று எண்ணிப் பாருங்கள். தடிப்பான மூலையில் ஏறும்போது காலின் முன்பக்கம் மேலே தூக்கி நின்றுவிட்டால், காலின் பின்பக்கத்தில் அதே தடிப்புக்கு மடித்த துணித் துண்டை வையுங்கள். கால் மட்டமானதும் மெஷின் ஓடும்.

அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் குறை பெரும்பாலும் மேல்நூலில். காலைத் தூக்கிவிட்டு மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோர்த்துவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொன்று, கடற்காற்று. உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் மெஷினைத் துணியால் மூடுங்கள், குத்திய ஊசிகளைத் துணியில் விட்டுவிடாதீர்கள். துருக்கறை எளிதில் போகாது. எண்ணெய் விடும்போது தையல் மெஷின் எண்ணெய்தான் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி மெஷின் இறுகிப்போகும். எண்ணெய் விட்ட பிறகு கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டே மெட்டை வையுங்கள்.

மெஷின் இல்லை. கையால் தைக்கலாமா?

ஏன் முடியாது? சுற்றுத் தையலைப் பின்தையலாக, அதாவது ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுத்துப் போடுங்கள், உறுதியாக நிற்கும். மேலே குறுக்குக் கோடுகளுக்கு ஊசியை மேலும் கீழுமாக ஓட்டுகிற ஓடுதையல் போதும், நூலைக் கொஞ்சம் தடிப்பாக, வேறு நிறத்தில் எடுத்தால் அதுவே வேலைப்பாடாகத் தெரியும். ஒரு மெட்டுக்கு இரண்டு மூன்று பின்னேரம் போகும்.

அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை இதன் மேல் வைக்கலாமா?

வேண்டாம். இது பீங்கானுக்கானது. கொதிக்கிற சட்டியின் சூடு துணியைத் தாண்டி மேசையின் பொலிஷ்வரை போகும், உள்ளே பொலியெஸ்டர் ஏதாவது இருந்தால் உருகவும் கூடும். சட்டிக்குத் திருகணியோ மரப்பலகையோ வையுங்கள்.

மீன் குழம்பு மஞ்சள் கறை போகவே மாட்டேன் என்கிறது.

சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் சிவந்துவிடும், அதைக் கண்டு பயந்து இன்னும் இன்னும் தேய்ப்பார்கள். அது மஞ்சளின் இயல்பு, சவர்க்காரத்தின் காரம் பட்டால் நிறம் மாறும், அலசினால் திரும்பும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைப் பீங்கான் கழுவுகிற திரவத்தால் எடுங்கள், பிறகு சவர்க்காரம், பிறகு நன்றாக அலசி ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. திருமலை வெயிலில் இரண்டு மூன்று நாளில் கறை மங்கிவிடும். ஆழ்ந்த நிறத் துணி என்றால் கறை போனதும் நிழலுக்கு எடுங்கள், துணியின் சாயமும் வெயிலில் வெளுக்கும்.

மழைக்காலத்தில் கறுப்புப் புள்ளி விழுகிறதே?

பூஞ்சணம். வாடைக்காற்று தொடங்கி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுக்க இங்கே துணி முழுசாகக் காயாது. தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்துணியில் ஈரம் நிற்கும். அந்த மாதங்களில் ஒற்றைத் துணி மெட்டைப் பாவியுங்கள், மெத்தை வைத்ததைக் கழுவி நன்றாகக் காயவைத்து, மினுக்கி, எடுத்து வையுங்கள். எடுத்து வைக்கிற மெட்டில் கஞ்சி இருக்கக் கூடாது. கஞ்சிக்குப் பூஞ்சணமும் பிடிக்கும், வெள்ளிப்பூச்சியும் வரும்.

தைத்து விற்கலாமா, அக்கா? நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் இருக்கின்றனவே.

விற்கலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் வருகிற காலம் மே முதல் செப்டெம்பர்வரை. ஆகவே மாசி, பங்குனியிலேயே மாதிரி காட்ட வேண்டும். ஓர் இடத்துக்குக் கொடுப்பதென்றால் எல்லா மெட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பார்க்கும்போது கால் அங்குல வித்தியாசமும் கண்ணில் படும். அங்கே தினமும் கழுவுவார்கள், அதனால் மாதிரி மெட் ஒன்றைத் தைத்து வீட்டிலேயே பத்து முறை கழுவிப் பாருங்கள். ஓரம் பிரியவில்லை, நிறம் இறங்கவில்லை, அளவு மாறவில்லை என்றால் அந்தக் கழுவிய மெட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் முதலில் காட்டியது புதிது அல்ல, கழுவியதுதான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பன்னிரண்டு தைக்கச் சொன்னார்கள்.

விலை சொல்லும்போது துணி, நூல், கன்வஸ் மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். கழுவியது, காயவைத்தது, மினுக்கியது, வெட்டியது எல்லாம் உங்கள் நேரம். ஒரு கொப்பியில் ஆறு மெட்டுக்கு எத்தனை மணி போனதென்று எழுதி வையுங்கள், பிறகு விலை சொல்லுங்கள்.